சலவை இயந்திரக் கையேட்டின் முதல் பக்கம்

சயோகோ,

நீ கவனிக்கப் போன உன் அம்மாவின் கால்வலி இன்னுமா குறையவில்லை? சும்மாதான் கேட்டேன். ஒசாகாவில் விடாத மழை. எனக்கு உட்கார்ந்தாலும் நின்றாலும் இருப்புக்கொள்ளவில்லை.

புதிய சலவை இயந்திரத்துக்கு நான் எழுதிய கையேட்டை இன்று சோதித்தார்கள். அதைப் படித்துத் துவைத்துப் பார்க்க குரிமோட்டோ என்றொரு அம்மாளை அழைத்திருந்தார்கள். எழுதியவன் பக்கத்தில் நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது. முதல் பக்கத்திலேயே அந்த அம்மாள் சிரித்துவிட்டார்.

"என்னங்க இது, எடுத்த எடுப்புல துணியைப் போடுங்கன்னு இருக்கு? பாக்கெட்டை யாரு பாக்கிறது? சுருட்டிப் போட்ட சாக்ஸை யாரு பிரிக்கிறது? இதை எழுதின மனுஷனோட பொண்டாட்டி ரொம்பப் பாவங்க!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான், குளித்து மிஞ்சிய தொட்டித் தண்ணீரைத் துவைப்பதற்காக இயந்திரத்துக்கு இழுக்கும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, காலையில் துவைத்த சட்டையை மடித்தேன். அதன் பைக்குள் ஏதோ கூழாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை உன் ஊருக்கு வாங்கிய ரயில் டிக்கெட். வாங்கிவிட்டு, ஏறாமல் திரும்பி வந்திருந்தேன்.

முதல் பக்கத்தைத் திருத்திவிட்டேன். இன்னொரு டிக்கெட் வாங்கட்டுமா?

இப்படிக்கு,
அதை எழுதிய மனுஷன்