அம்மா பையைத் திருப்பிக் கொடுத்த பிறகு

சேசு மரி சூசை

திருவெள்ளறை
6.5.1984

அன்பு மகள் பேட்ரிசியாவுக்கு அப்பா எழுதுவது. உன்னையும் மாப்பிள்ளையையும் வயிற்றுப் பிள்ளையையும் தேவமாதா தன் கைக்குள் வைத்திருப்பாளாக. பிலாயில் வெயில் எப்படி, கால் வீக்கம் வடிந்ததா. நான் சுகம். அம்மாவும் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

பிள்ளைத்தாய்ச்சிக்கு எழுதக் கூடாத சேதி, ஆனாலும் உன்னை விட்டால் யாரிடம் சொல்வேன். மடத்து ஆஸ்பத்திரி சிஸ்டர்களிடம் பழகி அம்மா இத்தனை வருஷம் ஊரில் பிரசவம் பார்த்தாள் அல்லவா, இப்போது அரசாங்கச் சான்றிதழ் இல்லாதவர்கள் போகக் கூடாது என்றுவிட்டார்கள். பயிற்சியில் சேரத் திருச்சிக்குப் போனோம். எட்டாவதுதான் படிச்சிருக்கீங்க, பத்தாவது வேணுமேம்மா என்று அந்த ஆபீசர் மரியாதையாகத்தான் சொன்னார். அம்மா திரும்பியதும் கத்தரிக்கோல் பையை மடத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். போன வாரம் மத்தியானம் மேலத்தெரு நல்லுசாமி ஓடி வந்தான், பெண்சாதி சந்திரம்மாளுக்கு வலி கண்டுவிட்டது, வாங்கக்கா என்று. நான் வரக் கூடாது தம்பி, நர்சைக் கூப்பிடுங்க என்று அனுப்பிவிட்டாள். நர்ஸ் மண்ணச்சநல்லூரில் கூட்டத்துக்குப் போயிருந்தாள், அவன் சைக்கிளில் அங்கே போனான். அம்மா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள், பிறகு என்னிடம்கூடச் சொல்லாமல் வெறுங்கையோடு போய்விட்டாள். கொடி கழுத்தைச் சுற்றிப் பிள்ளை செத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை. பிறகு வந்த நர்ஸ், ரோசம்மாக்கா முன்னாலேயே வந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று எல்லார் எதிரிலும் சொன்னாள், நல்ல பெண். அம்மா மனசு அதை ஏற்கவில்லை.

சந்திரம்மாளுக்குப் பால் கட்டி வலி தாங்கவில்லை, அக்காதான் வரணும் என்று ஆள் அனுப்பினாள். அதிலிருந்து தினமும் காலையில் அம்மா ஸ்ரீரங்கத்துப் பூக்காரியிடம் மல்லிகை வாங்கிக் கொண்டுபோய், பால் வற்றுவதற்காக அவள் மார்பில் வைத்துக் கட்டிவிட்டு வருகிறாள். நேற்று சந்திரம்மாள், முதல்ல கூப்பிட்டப்பவே வந்திருக்கலாமேக்கா என்று கேட்டிருக்கிறாள். கோபமாகக் கேட்கவில்லை என்று சொல்லும்போதே அம்மா அழுதாள். இன்றைக்கும் பூ வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

உன் தலைப்பிரசவத்துக்கு அங்கே வருவதாக இருந்தவள், பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, படிச்சவங்க பார்ப்பாங்க, நான் எதுக்கு என்கிறாள். நீயே அவளுக்கு எழுது. ஒன்றும் செய்ய வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று எழுது, நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. மாத்திரையை வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளை தைரியராஜுக்கு என் அன்பு. ஆண்டவர் உனக்குச் சுகப்பிரசவம் தருவார்.

உன் அப்பா
ம. இருதயநாதன்