சாமைக் கிடங்கில் மூன்று பாட்டு

டிசம்பர் 8, ஞாயிறு

இன்றைய வகுப்பில் இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. ஜமுனாமரத்தூர் பஸ் நிலையத்துக்கு எதிரே சசிகலா அக்காவின் தையல் கடையில்தான் எனக்கு ஒழுங்காக சிக்னல் கிடைக்கும். அங்கேயே இந்த லட்சணம். ஆனாலும் முக்கியமானதைப் பிடித்துவிட்டேன். ஒலிப்பதிவு வகுப்பின் கடைசித் தேர்வை இளவழகன் சார் அறிவித்துவிட்டார். ஆளுக்கு மூன்று பாட்டு. மெட்டு, இசை, பதிவு, மிக்ஸ் எல்லாம் நம் கையாலேயே இருக்க வேண்டும். ஜனவரி முடிவதற்குள் அனுப்ப வேண்டும். முதலில் வருகிறவருக்குச் சென்னையில் பெரிய ஸ்டுடியோ ஒன்றில் உதவியாளர் வேலை. ஒரே ஒரு இடம்.

அந்த இடம் எனக்குத்தான். கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் மட்டும் போட்டிக்கு இருக்கிறான். அவனிடம் நல்ல ஸ்பீக்கர் இருக்கிறது. என்னிடம் நல்ல காது இருக்கிறது.

டிசம்பர் 9

பாடுவதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. சசிகலா அக்காவே போதும். ஆலங்காயத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். ரவிக்கை தைத்துக்கொண்டே பாடுவார். மெஷின் சத்தத்துக்கு மேலே ஏறிப் போகும் குரல். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

கேட்டதும், "நானா? மைக்க பாத்தாலே எனுக்கு நாக்கு ஒட்டிக்கும்டி" என்றார்.

"நான் இருக்கேன்ல அக்கா" என்றேன், பெரிய இவள் மாதிரி. இருக்கட்டும். நான் பெரிய இவள்தான்.

டிசம்பர் 13

அறை கிடைத்துவிட்டது! ஊரெல்லாம் தேடினேன், வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. எங்கள் ரங்கன் அண்ணனின் கிடங்கு. சுற்று வட்டாரத்தில் விளைகிற சாமையை வாங்கி, விலை ஏறும்வரை அண்ணன் மூட்டையாக அடுக்கி வைக்கிற இடம். கருங்கல் சுவர், உயரமான ஓட்டுக் கூரை. அறுவடை முடிந்த நேரமாதலால் இப்போது சுவரே தெரியவில்லை, கூரை வரைக்கும் மூட்டை. நடுவில் ஓர் ஆள் நிற்கலாம், ஒரு மைக் நிற்கலாம்.

உள்ளே போய்க் கை தட்டிப் பார்த்தேன். சத்தம் தட்டின இடத்திலேயே செத்து விழுந்தது. இதற்காகச் சென்னையில் நுரைப்பலகை வாங்கிச் சுவரெல்லாம் ஒட்டுகிறார்களாம். எனக்குச் சாமை இருக்கிறது. சார் வகுப்புக்கு வகுப்பு சொல்வார்: பதிவில் பாடுகிறவர் மட்டும்தான் கேட்க வேண்டும், அறை கேட்கவே கூடாது. எதிரொலி வேண்டுமானால் பிறகு கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்ளலாம்.

சார், என் அறையை வந்து பாருங்கள்.

டிசம்பர் 22, ஞாயிறு

முதல் பாட்டு எடுத்தாயிற்று. மலைச் சாலையில் ஏறி வருகிற பஸ்ஸைப் பற்றியது. "மூணாவது வளைவுல மூச்சு வாங்குது வண்டி, எங்க அம்மா வூட்ட தாண்டித்தானே போவுது" என்று தொடங்கும். எழுதினதும் நானே.

அக்கா காலையிலிருந்து பாடினார். கடையில் பாடுகிற குரல் வரவில்லை. அடக்கி அடக்கிப் பாடுகிறார். "என் குரலு எனுக்கே கேக்கல கல்பனா. தலையில கம்பளி போத்தினு பாட்ற மாரி இருக்குது" என்றார். ஹெட்போனில் குரலை ஏற்றி வைத்தேன். அப்போதும் அதே முணுமுணுப்பு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பழகினால் சரியாகிவிடும்.

டிசம்பர் 25

ஆலங்காயம் பஸ் டிரைவரிடம் பென் டிரைவைக் கொடுத்து, முதல் பாட்டின் மிக்ஸை ஓடவிடச் சொன்னேன். ஹெட்போனில் கேட்டு ஏமாறக் கூடாது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், அதனால். மேட்டில் ஏறும்போது என் தவில் அடி முழுவதையும் என்ஜின் விழுங்கிவிட்டது. இறங்கும்போது திரும்பக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து தவிலைத் திருத்தினேன். எந்த ஸ்டுடியோவிலும் சொல்லித் தர மாட்டார்கள் இதை.

டிசம்பர் 29, ஞாயிறு

இரண்டாவது பாட்டும் முடிந்தது. அக்கா வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். "இந்த மூட்டைங்க என் குரல தின்னுது" என்றார்.

"தின்னாத்தான் நல்லதுக்கா. அதுக்குத்தான அங்க நிக்க வெச்சிருக்கேன்."

"உனுக்கு நல்லது. எனுக்கு?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஜனவரி 7

இரண்டு பாட்டையும் கேட்டேன். படு சுத்தம். ஒரு கொசுச் சத்தம் கூட இல்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மூன்றாவது தடவை கேட்கத்தான் தோன்றவில்லை. களைப்பாக இருக்கும்.

ஜனவரி 16

அடப்பாவி அண்ணா!

பொங்கலுக்கு வந்த வியாபாரி நல்ல விலை சொன்னானாம். இன்னிக்குக் காலையில லாரி வந்துச்சு, அத்தனை மூட்டையும் போச்சு. நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள கிடங்கு காலி. கை தட்டினா கோயில் மண்டபம் மாதிரி அதிருது. ரெண்டு பாட்டு ஒரு ரூம்ல எடுத்திருக்கேன், மூணாவது பாட்ட வேற ரூம்ல எடுத்த மாதிரி கேக்கும். யாருக்குத் தெரியாட்டியும் சாருக்குத் தெரியும். ரெண்டு வாரம்தான் இருக்கு. நான் என்ன பண்ணுவேன்?

அண்ணனிடம் சண்டை போட்டேன். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"சாமய விக்கிறதுக்கு வெச்சிருக்கனா, நீ பாட்டு எடுக்கிறதுக்கு வெச்சிருக்கனா?"

"இன்னும் ஒரே ஒரு பாட்டுதான் அண்ணா."

"வேணும்னா நான் போய் நிக்கிறேன். நானும் மூட்ட மாரிதான் இருக்கறேன்."

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ஜனவரி 17

வீட்டில் இருந்த கம்பளி, ஜமுக்காளம், காலிச் சாக்கு எல்லாவற்றையும் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். தட்டினால் இன்னும் அதிர்கிறது. கூரை உயரம், கம்பளி எட்டவில்லை. பார்ப்பதற்குத் துவைத்துக் காயப் போட்ட வீடு மாதிரி இருக்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

அக்கா வரும்போது கம்பளிகளைக் கழற்றி வேறு விதமாகக் கட்டிக்கொண்டிருந்தேன். அறை முழுக்கக் காலி. அவர் உள்ளே வந்தார், நின்றார், மேலே பார்த்தார். "ஆ..." என்று சும்மா ஒரு இழுப்பு இழுத்தார். குரல் ஓட்டுக்குப் போய், கல்லுக்குப் போய், அவரிடமே திரும்பி வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம்.

"ஐயே, இன்னாடி இது! இங்க நானு எனுக்கே கேக்கிறேன்!"

நான் இன்னும் மைக்கைச் சரி செய்யவே இல்லை. அவர் பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டார். ஓடிப் போய் பதிவை மட்டும் தட்டிவிட்டேன். மூன்றாவது பாட்டு, முதலிலிருந்து கடைசி வரை, ஒரே மூச்சு. கடையில் பாடுகிற அதே குரல். இல்லை, அதைவிடப் பெரிது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அறை திருப்பிச் சொல்வதைக் கேட்டுவிட்டு, அதற்கு மேலே அடுத்த வரியை ஏற்றுகிறார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

கூடம் நிஜமாகவே கோணல்தான். அக்காவை நான் மூட்டைக்கு நடுவே நிறுத்தி வைத்திருந்தேன்.

ஜனவரி 21

இரண்டு நாளாக ஒரே யோசனை. முதல் இரண்டு பாட்டும் சார் சொன்ன மாதிரியே இருக்கின்றன. அவற்றோடு சேர்த்து, மூன்றாவதை எப்படியாவது அமுக்கிச் சுத்தமாக்கி அனுப்பினால் மதிப்பெண் வரும், சென்னை இடமும் கிடைக்கலாம். மூன்றையும் காலிக் கிடங்கில் எடுத்து அனுப்பினால் பாட்டு உயிரோடு இருக்கும். ஆனால் அறை கேட்கும். சார் எதைக் கூடாது என்றாரோ அதையே செய்ததாக ஆகும்.

சென்னை வேண்டும். ரொம்ப வேண்டும். அந்தப் பெரிய மிக்ஸர் முன்னால் நான் உட்கார்ந்திருப்பதாகக் கனவே வந்திருக்கிறது.

பழைய இரண்டையும் இன்னொரு முறை கேட்டேன். அழித்துவிட்டேன். அழிக்காமல் வைத்திருந்தால் கடைசி நாளில் பயந்துபோய் அவற்றையே அனுப்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு தினம். பள்ளிக்கூட ஸ்பீக்கர் அடங்கும்வரை காத்திருந்து ஆரம்பித்தோம். மைக்கை எந்த இடத்தில் வைத்தால் அக்காவும் கேட்பார், அறையும் அளவாகக் கேட்கும் என்று தெரியவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவரைப் பேசவிட்டு, மைக்கை ஓரடி ஓரடியாகத் தள்ளிக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் இரண்டும் சேர்ந்தன. அதைச் சொல்லித் தருகிற வீடியோ எதுவும் நான் பார்த்ததில்லை.

அக்காவிடம், "இத்தன நாளு உங்கள பாடா படுத்திட்டேன், மன்னிச்சுக்கோங்கக்கா" என்றேன்.

"போனா போவுது. புது ரவிக்கையும் மொதல்ல கைய பிடிக்கத்தான் செய்யும்" என்றார்.

மாலைக்குள் இரண்டு பாட்டும் முடிந்துவிட்டன.

ஜனவரி 30

அனுப்பியாயிற்று. நன்றாக இருக்கிறது. யார் என்ன சொன்னாலும் நன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 11

கெடைக்கல. கோயம்புத்தூர்ப் பையனுக்குப் போச்சு.

சார் எழுதியிருக்கிறார்: "இசை அமைப்பு அருமை. ஆனால் மூன்று பாட்டிலும் அறை கேட்கிறது. அடிப்படைத் தவறு." அடிப்படைத் தவறாம்! தெரியாமப் பண்ணினாத்தான தவறு? தெரிஞ்சே பண்ணேன் சார். வேணும்னே பண்ணேன்.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். போகவில்லை. அப்புறம் பசித்தது, போனேன்.

பிப்ரவரி 13

சார் போன் செய்தார். என்னவோ சமாதானம் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அந்த ஸ்டுடியோவில் எங்கள் தேர்வுப் பாட்டுகளைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அங்கே வேலையாக வந்த விஜயராஜ் என்ற இசையமைப்பாளர் என் பாட்டைக் கேட்டுவிட்டு நின்றுவிட்டாராம். "யாருங்க இந்தக் குரல்?" என்றாராம். சசிகலா அக்காவின் நம்பர் வேண்டுமாம்.

குரல்தான் வேண்டுமாம். எடுத்தது யாரென்று ஒருத்தர் கேட்கவில்லை.

நம்பரைக் கொடுத்துவிட்டுக் கிடங்கில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பொறாமைதான். வேறென்ன? இலையைப் போட்டவள் வாசலில், வந்தவர் பந்தியில். அப்புறம் வேறொன்றும் தோன்றியது. நான் எடுத்தேன் என்பதே தெரியாமல் அவருக்கு அக்காவின் குரல் மட்டும் கேட்டிருக்கிறது. சார் வகுப்புக்கு வகுப்பு கேட்டது இதைத்தானே?

பிப்ரவரி 23, ஞாயிறு

அக்கா சென்னை போய்விட்டு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "இன்னாக்கா ஆச்சு?" என்றேன்.

"ஏசி போட்ட கண்ணாடி ரூமு. ஜில்லுன்னு இருந்திச்சு. வாயத் தொறந்தா பழைய மூட்ட ரூமு மாரியே குரலு உள்ளயே போவுது. பத்து தபா பாடினேன். விஜயராஜ் சாரு பாவம், நல்லவரு, 'பரவால்லமா, பாக்கலாம்'னு சொல்ட்டு அனுப்பிட்டாரு. இனிமே கூப்பிட மாட்டாங்க. ரவிக்க எல்லாம் குமிஞ்சு கெடக்குது, வுடு."

டீ வாங்கிக் கொடுத்தேன். பொறாமைப்பட்டதெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வயிற்றெரிச்சலாக இருந்தது, அவருக்காக.

பிப்ரவரி 28

இன்று கடையில் இருக்கும்போது விஜயராஜ் சாரே, இளவழகன் சாரிடம் என் நம்பரை வாங்கிப் போன் செய்தார். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூணு பாட்டுல குரலுக்குப் பின்னால ஒரு எதிரொலி வருதே, எந்த சாஃப்ட்வேர்ல போட்டீங்க? எங்காளுங்க மூணு நாளா தேடறாங்க, வரல."

"கருங்கல்லு சார்" என்றேன். "மேல ஓடு."

காலிச் சாமைக் கிடங்கு என்று விளக்கிச் சொன்னேன். பிறகு நேராகக் கேட்டார். அவருடைய பாட்டு ஒன்றை அங்கேயே, அந்த அறையிலேயே, சசிகலா அக்காவை வைத்து நான் எடுத்துக் கொடுக்க முடியுமா? உதவியாளராக இல்லை, பதிவு முழுக்க என் பொறுப்பு, என் பெயர் போடுவார்கள். முடியும் என்றேன். அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது.

வைப்பதற்கு முன்னால், "இதெல்லாம் யார்கிட்டமா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"நீங்க ரெக்கார்ட் பண்றீங்களே சார், அந்த ஸ்டுடியோவுலதான் கத்துக்கலாம்னு இருந்தேன். அவங்க என்னை எடுத்துக்கல."

வருகிற ஞாயிற்றுக்கிழமை பதிவை வைத்துக்கொண்டால் தானும் மலைக்கு வந்து உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டார். வாங்க சார், பாட்டு முடிகிறவரை இருமக் கூடாது, அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கிறேன்.