மாத்திரைக்கு ஓர் உப்புமா

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: அடி அண்ணாமலையில், நம் வீட்டு அடுப்பில், இன்று காலை உப்புமா மீண்டும் அடிப்பிடித்தது. ஊர் அமைதி காக்கவும்.

அந்தத் தீய்ந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது, அத்தை. இன்று தீபம். போன தீபத்தன்றும் இதே வாசனைதான்.

கிரிவலப் பாதையில் உன் டீக்கடையிலிருந்து நீ ஒரு குரல் கொடுத்தால் பௌர்ணமிக் கூட்டமே திரும்பும். நுரையீரலில் புற்றுநோய் வந்தபின் அந்தக் குரல் தவணை முறைக்கு மாறியது. "டேய்... வாலு... தண்ணி..."

"சிக்னல் இல்லயா அத்த? கட் ஆயி கட் ஆயி வருது" என்றேன். சிரிக்கவும் மூச்சு போதாமல் விசிறியால் அடித்தாய்.

டாக்டரம்மா ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். "நோய் இதுல போகாதுங்க. உள்ள வீக்கம் கொறஞ்சா மூச்சு கொஞ்சம் லேசாகும். எல்லாருக்கும் கேக்கும்னு இல்ல, பாக்கலாம். காலையில சாப்ட்டுட்டுத்தான் போடணும். நீங்களா நிறுத்தக் கூடாது."

உனக்குக் கேட்டது. சில நாளிலேயே என்னை முழு வாக்கியமாகத் திட்ட ஆரம்பித்தாய். முகம் மட்டும் உப்பியது. "பௌர்ணமி வந்துடுச்சு" என்று உன்னையே கிரிவலம் வந்தேன்.

தீபத்தன்று காலையில்தான் வினை வந்தது. "மலைமேல தீபம் பாக்காம நான் என்னிக்குடா சாப்ட்டிருக்கேன்?" என்றாய். சாப்பிடாமல் மாத்திரை இல்லை. மாத்திரை இல்லாவிட்டால், மாலைக்குள் மூச்சு என்னாகுமோ? பிறகு நம் பந்தயம்? தீபம் தெரிந்ததும் யார் சத்தமாக அரோகரா போடுவது என்று எனக்குப் பேச்சு வந்ததிலிருந்து போட்டி. ஒரு வருஷமும் நீ தோற்றதில்லை. இன்னொரு முறை மாடியில் நின்று அதைப் போட வேண்டும் என்றுதானே ஆஸ்பத்திரிக்கே வர ஒப்புக்கொண்டாய்?

"விரதம் உனக்குத்தான அத்த? மாத்திரைக்கு இல்லயே. உப்புமா மாத்திரைக்கு. நீ சும்மா பஸ்ஸு. ஏத்திக்கினு போயி உள்ள எறக்கி உடு."

ஒரு வாய் வைத்துப் பார்த்தாய். "உன் உப்புமாவத் துன்றதுக்கு விரதமே தேவலாம்டா." ஆனாலும் தட்டைக் காலி செய்தாய். மாத்திரையும் உள்ளே போனது.

சாயங்காலம் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உச்சியில் சுடர் எழுந்தது.

"அண்ணாமலையாருக்கு அரோகரா!"

ஒரே மூச்சில், அத்தை! நடுவில் ஒரு தவணைகூட இல்லை. பக்கத்து மாடிகள் திரும்பின. கீழே பாதையில் நடந்தவர்கள் பதில் அரோகரா போட்டார்கள். நீ என் பக்கம் திரும்பி, "எங்கடா உன் சத்தம்?" என்றாய்.

"பாவம்னு உட்டுக் குடுத்தேன்."

பொங்கலுக்கு முன்பே நீ போய்விட்டாய். நான் இன்னும் தெருவெல்லாம் அதையேதான் சொல்லித் திரிகிறேன்: அத்தையை ஜெயிக்க வைத்தது என் உப்புமாவும் என் பெருந்தன்மையும். மாத்திரையும் ஏதோ கொஞ்சம் ஒத்தாசை செய்தது.

உனக்கு மட்டும் சொல்கிறேன். நான் விட்டுக்கொடுக்கவில்லை. வாயைத் திறந்தேன், தொண்டை அடைத்துக்கொண்டு வெறும் காற்றுதான் வந்தது. இன்று சாயங்காலமும் மாடி ஏறப்போகிறேன். காலையிலிருந்தே தொண்டை சரியில்லை. பழியை உப்புமா மேல் போட்டிருக்கிறேன்.