மலையைக் குடித்த மாமா

கச்சிராயபாளையம்
6 ஏப்ரல் 2025

கல்வராயன் மலையில் பாதிக்குச் சொந்தக்காரரும், கண்ணசைத்தால் கோமுகி அணையைத் திறக்க வைப்பவரும், பத்தாம் வகுப்பின் மீது மூன்று முறை படையெடுத்தவருமான பச்சமுத்து மகாராஜா, சிலி தேசத்தில் இருக்கும் தன் அக்கா மகள் அருள்மொழிக்கு வரைந்து அனுப்பும் ஓலை.

பாப்பா, நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். நீ அங்கே சுகமாக இல்லையென்று தெரிந்தால் கட்டிய வேட்டியோடு கடலைத் தாண்டி வருவேன்.

ஒரு மாதமாக நான் ஏன் போனில் பேசவில்லை என்று கோபப்படாதே. அணைக்கரையில் நின்றபோது போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. பனைமர நீளத்தில் ஒரு கெண்டை வந்து அதை விழுங்கிவிட்டது. இனி அந்த நம்பருக்குப் போட்டால் கெண்டைதான் எடுக்கும். அதற்குத் தமிழ் அரைகுறை.

ஆகவே கடிதம். செராக்ஸ் கடை ராஜாங்கம் வீட்டுக்கே வந்து, நான் எழுதியதைப் படம் பிடித்து உனக்கு மெயிலில் அனுப்புவார். உன் பதிலைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவருவார். மந்திரிதானே அரண்மனைக்கு வர வேண்டும்? முதல் தாளைப் பார்த்துவிட்டு, "இன்னா பச்சமுத்து, இது கடுதாசியா கல்வெட்டா?" என்றார். தலையை வாங்கியிருப்பேன், உன் அம்மா டீ கொடுத்துக் காப்பாற்றிவிட்டாள்.

இன்னொரு சங்கதி. "உன் மருமவ அங்க இன்னா வேலை பாக்குது?" என்று ஊரே கேட்கிறது. உன் அம்மா "தூசி பாக்குது" என்கிறாள். நீ வெளிநாட்டில் வீடு பெருக்குகிறாய் என்று வடக்கனந்தல் வரை பேச்சு பரவிவிட்டது. குலத்துக்கு இழுக்கு. எனக்கு விளங்கும்படி எழுது.

ஆயிரம் யானை பலத்தோடு ஆசி கூறும்
மாமன் பச்சமுத்து


அட்டகாமா, சிலி
11 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

கெண்டைக்கு மூன்று தடவை போன் போட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. தண்ணீருக்குள் கிடக்கும் போன் எப்படி மணி அடிக்கும் என்று அம்மாவைக் கேட்டால், "உங்க மாமனையே கேளு" என்கிறாள். உங்கள் குரல் கேட்காமல் எனக்கு என்னவோபோல் இருக்கிறது. கடிதம் மட்டும் பிடித்திருக்கிறது.

அம்மா சொன்னது சரிதான், தூசிதான் பார்க்கிறேன். புதிதாகப் பிறந்த ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி வாயுவும் தூசியும் தட்டு மாதிரி சுழன்றுகொண்டிருக்கும். அந்தத் தூசி ஒன்றோடொன்று ஒட்டி, மணலாகி, கல்லாகி, மலையாகி, கடைசியில் ஒரு கோளாகிறது. நம் பூமியும் அப்படி வந்ததுதான். வளர்கிற கோளை நேராகப் பார்ப்பது கஷ்டம். ஆனால் அது போகிற பாதையில் தூசி விலகிக் கருப்பாக ஒரு வளையம் விழும், ஈர மாவில் விரல் வைத்துச் சுற்றி இழுத்ததுபோல. அந்த வளையங்களைத்தான் தேடுகிறோம்.

இங்கே ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் அறுபத்தாறு ராட்சதத் தட்டுகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. எல்லாம் சேர்ந்து ஒரே கண். நாங்கள் தங்குவது கீழே. மேலே ஏறும் நாளில் காற்று பத்தாது. மூக்கில் ஆக்சிஜன் டியூப் மாட்டிக்கொண்டு போவோம். பார்த்தால் சிரிப்பீர்கள்.

ஜூலையில் என் நட்சத்திரத்தின் முறை. பதினாறு நாள். அந்தப் பதினாறு நாளும் அறுபத்தாறு தட்டுகளின் கழுத்தையும் நானே பிடித்துத் திருப்ப வேண்டும். நான் ஒரு தடவை கண்ணிமைத்தால் போதும், நட்சத்திரம் ஓடிவிடும். அப்புறம் ஒரு வருஷம் காத்துக் கிடக்க வேண்டும். உங்கள் மருமகள் என்றால் சும்மாவா?

அதற்கு முன்னால், இந்த மாதக் கடைசியில் லீவு போட்டு ஊருக்கு வரலாம் என்று இருக்கிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள்
அருள்மொழி


கச்சிராயபாளையம்
17 ஏப்ரல் 2025

அறுபத்தாறு கழுத்தைப் பிடித்த வீராங்கனைக்கு,

உன் கடிதத்தை ராஜாங்கம் டீக்கடையில் உரக்கப் படித்தாராம். கேட்டவர்களில் நாலு பேர் மயங்கி விழுந்தார்கள், ஐந்தாமவர் சாமியாராகிவிட்டார்.

எனக்கு ஒன்று விளங்கியது. நீ தூசி சேர்ந்து மலையாவதைப் பார்க்கிறாய். நான் இருபத்து மூன்று வருஷம் கிரஷரில் நின்று மலையை உடைத்துத் தூசியாக்கினேன். கடவுள் அங்கே கட்டுகிறார், பச்சமுத்து இங்கே இடிக்கிறான். இன்னும் பத்து வருஷம் விட்டிருந்தால் கல்வராயன் மலையையே சல்லடையில் சலித்து முடித்திருப்பேன். கடவுளுக்கும் எனக்கும் நடுவில் நீ சாட்சி.

லீவு பேச்சு வேண்டாம். இப்போது வந்து போனால் உன் கவனம் கலைந்துவிடும். ஜூலையில் கண் இமைத்துவிட்டால் யார் பொறுப்பு? நட்சத்திரத்தைப் பிடித்துக் கட்டிப் போட்டுவிட்டு ஆவணியில் வா. இது ராஜ கட்டளை.

இன்னும் ஒன்று. டியூப் மாட்டுவதாக எழுதியிருந்தாய். காதுக்குப் பின்னால் அறுக்கிறதா? பஞ்சு சுற்றிக்கொள். மூக்கு உள்ளே காய்ந்து வெடிக்கும்; அதற்காகத் தேங்காயெண்ணெய் தடவிவிடாதே, ஆக்சிஜனுக்குப் பக்கத்தில் எண்ணெய் ஆகாது. பாட்டில் தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றுவிட்டால் டியூப் எங்கோ மடங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். கரண்ட் போனால் அங்கே என்ன செய்கிறீர்கள்? பயந்துவிடாதே. முழங்காலில் கையை ஊன்றி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் சமாளிக்கலாம்.

மாமன்
பச்சமுத்து


அட்டகாமா
2 மே 2025

மாமா,

உங்கள் கட்டளைப்படி லீவை ரத்து செய்தேன். கடிதத்தைப் பத்திரமாக மடித்தும் வைத்துவிட்டேன். நேற்று மேலே போனேன். டியூபை மாட்டும்போது நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் கொண்டுபோவது கைக்கு அடக்கமான சின்ன சிலிண்டர். அதில் தண்ணீர் பாட்டில் கிடையாது. குமிழி கிடையாது. கரண்ட் வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடுவோம், காது அறுப்பதற்குள் கழற்றிவிடுவோம்.

குமிழியை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? யார் காதில் பஞ்சு சுற்றியிருக்கிறது?

அம்மாவுக்குப் போன் போட்டேன். "மாமாவுக்கு இன்னாம்மா?" என்றேன். "ஒண்ணும் இல்லடி, அடுப்புல சோறு கொதிச்சிக்கினு கீது" என்று வைத்துவிட்டாள். பின்னால் ஒரு மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நம் வீட்டு மிக்சி சத்தம் எனக்குத் தெரியும். இது அது இல்லை.

ஒரே ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் யானை வேண்டாம், கெண்டை வேண்டாம்.

அருள்மொழி


கச்சிராயபாளையம்
5 மே 2025

பாப்பா,

உண்மை எழுதிப் பழக்கமில்லை. பொறுத்துக்கொள்.

போன ஆவணியில் இருமல் பிடித்தது. டி.பி. என்று ஆறு மாதம் மாத்திரை விழுங்கினேன். உடம்பு இளைத்ததுதான் கண்ட பலன். மாசியில் உன் அம்மா என்னைப் புதுச்சேரிக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் கேட்டார்: "பீடி உண்டா?"

"இல்லீங்க."

"குடிப்பீங்களா?"

"மலையைக் குடிச்சேங்க. கொஞ்சம் கொஞ்சமா, இருவத்தி மூணு வருசமா."

அவர் சிரிக்கவில்லை. உன் அம்மாதான், "கிரஷர்ல வேலைங்க சார்" என்று விளக்கினாள். அவர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "கல்லுத்தூள். உள்ள போனது வெளிய வராது. இதை ஆத்த மருந்து இல்ல. மூச்சுக்கு மெஷின் வெச்சிக்கலாம்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அம்மா, "மூஞ்சில துணி கட்டினு வேலை செய்டான்னு எத்தினி வாட்டி அடிச்சிக்கினேன்" என்று அழுதாள். கட்டித்தான் இருந்தேன் பாப்பா. அந்த மாவு துணிக்கு அடங்காது. தண்ணீர் தெளிக்கக் குழாய் இருந்தது. ஆபீசர் வருகிற நாளில் ஓடும்.

இப்போது நாளில் பதினாறு மணி நேரம் மெஷினோடு இருக்கிறேன். நாலு வார்த்தை பேசினால் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும். போனில் பேசினால் உனக்குத் தெரிந்துவிடும். எழுதினால் நடுவில் எத்தனை தடவை நிறுத்தினேன் என்று தாளில் தெரியாது. அதற்காகத்தான் கடிதம்.

இந்தக் கோலத்தைப் பார்த்தால் நீ திரும்பிப் போக மாட்டாய், ஜூலை கெட்டுவிடும் என்றுதான் வராதே என்றேன். ஆவணி வரை தாங்கிவிடுவேன் என்று நினைக்கிறேன். அந்தப் பதினாறு நாளை முடித்துவிட்டு வா.

மாமா


அட்டகாமா
6 மே 2025

மாமா,

நான் பொய் சொன்னேன்.

தட்டுகளின் கழுத்தை யாரும் பிடிக்க வேண்டாம். என்ன பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். வானம் தெளிவாக இருக்கிற நேரம் பார்த்து, அன்றைக்கு யார் டியூட்டியோ அவர்கள் எடுத்து அனுப்பிவிடுவார்கள். ஜூலையில் நான் இங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கச்சிராயபாளையத்தில் நம் வீட்டில் உட்கார்ந்துகொண்டே என் படத்தை வாங்கியிருக்கலாம். நட்சத்திரம் எங்கேயும் ஓடாது மாமா. பத்து லட்சம் வருஷமாக இருக்கிறது.

உங்களை மாதிரி ஒரு கடிதம் எழுதிப் பார்க்க ஆசையாக இருந்தது. அவ்வளவுதான்.

நீங்கள் அவிழ்த்துவிட்ட ஆயிரம் பொய்யில் ஒன்றைக்கூட நான் நம்பியதில்லை. நான் சொன்னது ஒன்றே ஒன்று. அதை நீங்கள் நம்பிவிட்டீர்கள். அது இல்லையென்றால் போன வாரமே உங்கள் பக்கத்தில் இருந்திருப்பேன்.

நாளை கிளம்புகிறேன். சென்னையில் இறங்கி, சின்னசேலம் வரை ரயிலில் வந்து, சனிக்கிழமை வீட்டில் இருப்பேன். பதில் எழுதிச் சிரமப்படாதீர்கள். காத்திருங்கள், அது போதும்.

அருள்மொழி


(காலண்டர் தாளின் பின்புறம்)
10 மே 2025, சனி

மருமகளே,

நீ உள்ளே வந்தபோது எழுந்து நிற்கவில்லை என்று வருத்தப்படாதே. மகாராஜாக்கள் எழுந்து நிற்பதில்லை.

பேசினால் மூச்சு தீர்ந்துவிடுகிறது. ஆகவே அரசவை எழுத்திலேயே நடக்கும். பேனா எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று. உன் அம்மா நம் இருவரையும் பைத்தியம் என்கிறாள். அவளுக்குப் பேனா கொடுக்காதே.

மாமன்


அதே நாள்

மாமா,

நாலு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன். இந்த ஆறேழு வரிக்கு நீங்கள் பதினொரு தடவை நிறுத்தினீர்கள். எண்ணிக்கொண்டே இருந்தேன்.

என் மேல் கோபமா? உண்மையைச் சொல்லுங்கள்.

அருள்மொழி


11 மே

கோபம் இல்லை. நல்ல பொய். கழுத்தைப் பிடித்துத் திருப்புவது எனக்கே தோன்றியிருக்காது.

நம்பியது என் ஏமாளித்தனம் இல்லை. உன்னால் முடியும் என்று நினைத்தேன்.

மாமன்


13 மே 2025, செவ்வாய்

மாமா,

நேற்று மத்தியானத்திலிருந்து நீங்கள் கண் திறக்கவில்லை. காலையில் டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, "அலைய வைக்காதீங்கம்மா, இன்னிக்கோ நாளைக்கோதான்" என்றார்.

அம்மாவுக்கு அது கேட்கவில்லை. "இன்னாடி சொல்லிட்டுப் போறாரு?" என்றாள். "அசதிம்மா, தூங்கறாரு, எழுப்பக் கூடாதாம்" என்று சொல்லிவிட்டேன். நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. கஞ்சியை ஆற்றி எடுத்துக்கொண்டு வந்து உங்கள் தலைமாட்டில் நிற்கிறாள். எழுந்தால் சூடு ஆறியிருக்கும் என்று திரும்பக் கொண்டுபோய்ச் சுட வைக்கிறாள். மூன்று தடவை ஆகிவிட்டது, ஒவ்வொரு தடவையும் அதையே கேட்கிறாள்.

நாலாவது தடவையும் கேட்பாள். எனக்கு வாய் வரவில்லை. அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத்தான் தெரியும். பேனாவை உங்கள் விரலுக்குள் வைத்திருக்கிறேன். தாளை நான் பிடித்துக்கொள்கிறேன்.

எவ்வளவு பெரிய பொய்யானாலும் பரவாயில்லை, எழுதிக் கொடுங்கள் மாமா.

உங்கள்
அருள்மொழி