யாழினியின் இரத்தத்தில் புளிப்பு

ஆவணி 4, புதன்

காலையிலிருந்து தூறல். அங்கன்வாடிக்கு ஒன்பது பிள்ளைகள்தான் வந்தார்கள். எடை போட்டேன், அட்டையில் குறித்தேன். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் வளர்கிறார்கள். என் மகள் யாழினிக்கு ஆறு வயது. நான்கு வயதுப் பிள்ளையின் உயரம்தான். கால் இரண்டும் வில்லாக வளைந்து கிடக்கின்றன. டீச்சர் பிள்ளை என்று பேர் வேறு.

நேற்று தர்மபுரி போய் வந்தோம். சேலம் எலும்பு டாக்டர், வரும் திங்கள் ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார். எலும்பை வெட்டி நிமிர்த்துவாராம். அதற்கு முன் சளி கிளி இருக்கிறதா என்று பார்க்கத்தான் தர்மபுரியில் இருக்கும் குழந்தை டாக்டரம்மாவிடம் போனது. அவரோ இவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறையத் தண்ணீர் குடிக்கிறாளா, அடிக்கடி ஒன்றுக்குப் போகிறாளா? ஆமாம், ஆமாம்.

இதுவரை எல்லோரும் சொன்னது தண்ணீர்தான் காரணம், அதிலிருக்கும் ஃபுளோரைடு. பிரசவத்துக்குப் போய் மூன்று வருடம் என் பிறந்த ஊரில் போர்வெல் தண்ணீர் குடித்தோம். கோபம் வந்தால் யாழினி அப்பா சொல்வது: "உங்க ஊரு தண்ணிதான் எம்புள்ள காலைக் கெடுத்துச்சு." இரண்டு வருடமாகக் கேன் தண்ணீர். கால் நிமிரவில்லை.

டாக்டரம்மா சொன்னது, மறக்காமலிருக்க: சிறுநீரகம் நாள் முழுக்க இரத்தத்தை வடிகட்டுகிறது. வடிந்ததிலிருந்து வேண்டிய தண்ணீர், சர்க்கரை, உப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். மிச்சம்தான் மூத்திரம். உடம்பில் சேரும் அமிலத்தையும் அதில்தான் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் இரத்தம் புளித்துப்போகும். அதை அடக்க எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரையும், எலும்பு வளையும். அப்படி இருந்தால் முதலில் மருந்துதான். இப்போது வெட்டினால் மறுபடியும் வளையும்.

நாளை: காலை முதல் மூத்திரம், லேப் டப்பாவில். வெறும் வயிற்றில் இரத்தம். 6.10 பஸ்.

ஆவணி 5, வியாழன்

எல்லாம் அவசரம். தூக்கக் கலக்கத்தில் அவள் கை பட்டு டப்பா கவிழ்ந்து சேற்றில் உருண்டது. பாதி போச்சு. "அடக்கிக்கோ, அடக்கிக்கோ" என்று கத்திக்கொண்டே தொட்டியருகே கிடந்த பாட்டிலை எடுத்து, ஒரு அலசு அலசி, மீதியைப் பிடித்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டப்பாவைக் கழுவி அதற்கு மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மாலை ரிசல்ட். இரத்தத்தில் அமிலம் அதிகம். மூத்திரத்திலும் நல்ல அமிலம், 5. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகமாம், 7 என்றால் புளிப்பே இல்லையாம். அப்படியானால் சிறுநீரகம் ஒழுங்காகத் தள்ளுகிறது என்றார் டாக்டரம்மா. அவருக்கே திருப்தியில்லை. வேறு காரணம் தேட நாளாகும் என்றார். யாழினி அப்பா காத்திருக்கத் தயாரில்லை. திங்கள் ஆபரேஷன். முடிவு.

ஆவணி 6, வெள்ளி

சேலத்துக்கு எடுக்க: போர்வை, பிளாஸ்க், ஆதார், பழைய எக்ஸ்ரே, அவள் பொம்மை.

மதியம் தயிர்சோறு. ஊறுகாய் கேட்டாள். தீர்ந்துபோச்சு, பாட்டிலைக் கழுவப் போட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கழுவப் போட்டது தொட்டியருகே.

பையில் கிடந்த பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். அடியில் எலுமிச்சைத் தோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் புளிப்பு என் பிள்ளையுடையதில்லை. ஊறுகாயுடையது.

இப்போது சொன்னால்? தண்ணீரில் கெடுத்தது போதாதென்று டப்பாவிலும் கெடுத்தாய் என்பார் யாழினி அப்பா. வாய் வரவில்லை. அங்கன்வாடியில் சத்துமாவு கொடுத்த கணக்கை இரண்டு முறை தப்பாக எழுதினேன். கோழை நான்.

ஆவணி 7, சனி

விடியற்காலை. யாழினி அப்பா மாட்டில் பால் கறந்துகொண்டிருந்தார். பாட்டிலை முன்னால் வைத்துச் சொல்லிவிட்டேன். கை நின்றது. பாட்டிலைத் தூக்கி உள்ளே பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"புள்ளைய எழுப்பு. ஒண்ணுக்குப் போவ உட்டுறாத, அங்க போயி போவட்டும்."

பைக்கில் மூன்று பேர். பிள்ளை நடுவில் நெளிந்துகொண்டே வந்தாள். பாப்பிரெட்டிப்பட்டி தாண்டியதும் அழுகை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. லேப் டப்பாவில் நானே பிடித்தேன். மறுபடியும் இரத்தம். ரிசல்ட் வரும்வரை அவர் பெஞ்சில் உட்காரவில்லை.

இரத்தம் அதே புளிப்பு. மூத்திரம் 7, புளிப்பே இல்லை. சிறுநீரகம் அமிலத்தைத் தள்ளவில்லை.

ஊறுகாயைச் சொன்னேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இப்பவாவது சொன்னீங்களே. திங்கக்கிழமை வெட்டியிருப்பாங்க." உடனே சேலத்துக்குப் போன் போட்டார். ஆபரேஷன் இல்லை.

ஆவணி 9, திங்கள்

வெயில். இந்நேரம் மயக்க ஊசி போட்டிருப்பார்கள். இவள் அங்கன்வாடிச் சுவரோரம் நிமிர்ந்து நிற்கிறாள். உயரம் 98. தனி அட்டை போட்டுக் குறித்தேன்.

இரத்தத்தின் புளிப்பை அடக்கும் மருந்து, நான்கு வேளை. முதல் வேளை குடித்துவிட்டு, "உப்புக் கரிக்குதும்மா" என்று முகத்தைச் சுளித்தாள். பல மாதம் ஆகலாம், கால் தானாக நிமிராமலும் போகலாம். ஆனால் இனிமேல் எலும்பு கரையாது.

யாழினி அப்பா சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வரும் வழியில் எட்டிப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். கிளம்பும்போது, என் முகத்தைப் பார்க்காமல்: "தண்ணியால இல்ல. உங்க ஊரு தண்ணியால இல்ல."

பிள்ளைகள் முன்னாலேயே அழுதுவிட்டேன். பாவி மனுஷன், இதைச் சொல்ல இரண்டு வருடம். அடுத்த வேளை மருந்து ஒரு மணிக்கு.