வராத பஸ்ஸுக்கு ஆள் எண்ணியது

12 ஆகஸ்ட் 1996, திங்கள்

தச்சநல்லூருக்கு வடக்கே, பீடி சுற்றுகிறவர்கள் குடியிருக்கும் காலனிக்கு டவுன் பஸ் விட அங்குள்ளவர்கள் அரசு மானியம் கேட்டிருக்கிறார்கள். அதற்குத் தேவை உண்டா என்று பார்க்கக் காலையில் போக்குவரத்து அதிகாரி ஜீப்பில் போனார். செய்திக்காக நானும் கூடப் போனேன். பஸ் வரவேண்டிய வேப்பமரத்தடியில் இறங்கி, காத்திருக்கும் பயணிகளைத் தேடினார். ஒருவரும் இல்லை. 'பயணிகள் இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

எதிர் வீட்டு முத்துலட்சுமி பீடி முறத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

"வராத பஸ்ஸுக்கு இங்கன வந்து நிக்க நாங்க என்ன கிறுக்கச்சியளா? அந்தா நடந்து போறாள்லா, அது எம்மவ. பொட்டப்பிள்ளைய ஒத்தையில எத்தனை நாளு அனுப்ப? பஸ் வரலைன்னா பள்ளிக்கூடத்த நிப்பாட்டிருவேன்."

"ஆள் நின்னாத்தாம்மா மானியம்."

"பஸ்ஸு நின்னாத்தான்யா ஆளு நிக்கும்!"

"அடுத்த வருஷம் மறுபடி எண்ணுவோம்" என்று சிரித்துக்கொண்டே அதிகாரி ஜீப்பில் ஏறினார். நானும் ஏறினேன். பின் இருக்கையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

கொஞ்ச தூரத்தில் அந்தப் பெண் புத்தகப் பையோடு போய்க்கொண்டிருந்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார். முள்ளுக்குள் ஒதுங்கி நின்று வழிவிட்டாள்.