தம்பியின் வெண்குழியம்

மே 26, செவ்வாய்

கச்சான் காற்று காலையிலேயே, சூடும் புழுதியுமாக. முற்றம் இரண்டு தரம் கூட்டியும் பயனில்லை. யன்னல் சீலைகள் தோய்க்க வேண்டும்.

தம்பி எழும்ப நேரம் சென்றது. கிளினிக்கில் கொடுக்கும் அந்தக் குளிசைக்குத் தூக்கம் வழமை, தலையணை எச்சிலில் நனைவதும் வழமை. ஆனால் மீன் சொதியைத் தொடவில்லை. தொண்டை நோவாம். தொண்டையைப் பற்றி அவன் சொல்வதை நான் பெரிதாக எடுப்பதில்லை. வாலிப வயதிலிருந்தே அதற்குள் யாரோ மண் அள்ளிப் போடுகிறார்களாம்.

"மண்ணா தம்பி?"

"மண்ணில்ல அக்கா. நோ. விழுங்கேலாம இருக்கு."

கொத்தமல்லி, வேர்க்கொம்பு அவித்துக் கொடுத்தேன். அரைக் கோப்பை குடித்தான்.

வாங்க: பாண், தேசிக்காய், சவர்க்காரம்.

மே 27, புதன்

காய்ச்சல். கை வைக்க முடியாத சூடு. பக்கத்துவீட்டுக் கமலம் வேலிக்கு மேலால் வேப்பிலை நீட்டினாள்.

"டீச்சர், அம்மன் கோயில் கதவு திறந்திருக்கிற நாள். இது அம்மாள் பார்வைதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா அவ கோவிச்சிருவா."

"உடம்பில ஒரு கொப்புளம் இருக்கா, வந்து பார்" என்றேன். வேப்பிலையை வாங்கி வைத்தேன். கொண்டு வந்தவளை வெறுங்கையோடு அனுப்புவது அழகில்லை.

கிளினிக் நேர்ஸ் மிஸி சொன்னது ஞாபகத்தில் இருக்கிறது. காய்ச்சலோ தொண்டைநோவோ வந்தால் உடனே வந்து இரத்தம் பார்க்க வேண்டும். அந்தக் குளிசை சிலருக்கு வெண்குழியத்தை அழித்துவிடும். பிறகு சாதாரணக் கிருமியே ஆளை முடித்துவிடும். மாதாமாதம் இரத்தம் எடுப்பதே அதற்குத்தான்.

ஆனால் மனநோய்க் கிளினிக்கின் அந்த வாங்கில் எல்லாரும் பார்க்க உட்கார்ந்திருப்பது! போன மாதம் எங்கள் தேவாலயப் பங்குப் பெண் ஒருத்தி அந்த நடையால் வந்தாள். "டீச்சர், நீங்க இஞ்ச?" தெரிந்த ஒருவரைப் பார்க்க வந்ததாகச் சொன்னேன். தம்பி பக்கத்தில் இருந்தான்.

சாதாரணக் காய்ச்சலாகத்தான் இருக்கும். சந்தியடி டிஸ்பென்சரி போதும்.

பின்னேரம்: போய் வந்தோம். இளம் டொக்டர், மரியாதையான பிள்ளை. "வேற மருந்து ஏதும் பாவிக்கிறாரா அம்மா?" இல்லை என்றேன். ஆங்கிலத்தில், முழு வசனமாக. தம்பி திரும்பி என்னைப் பார்த்தான்.

மே 28, வியாழன்

காலைச் செபம் முடித்து வந்தால் கட்டிலில் ஆளில்லை. கேற்றடியில் இருந்தான். நீளக் காற்சட்டை, சேட்டின் பொத்தான் கழுத்துவரை பூட்டி, கிளினிக் கொப்பி மடியில். உடம்பு நடுங்குகிறது. கமலத்தைக் கொண்டு ஓட்டோ பிடிப்பித்திருக்கிறான். அவளும் குடையோடு நிற்கிறாள். "நான் வேணாமெண்டுதான் சொன்னன் டீச்சர். கேட்டாத்தானே!"

"எங்க போறாய்?"

"பெரியாஸ்பத்திரிக்கு. மதர் அக்கா, வாறெண்டா வா." கோபம் வந்தால் நான் அவனுக்குக் கொன்வென்ற் மதர். "பொய் சொன்னா நரகமெண்டு எனக்குப் படிப்பிச்சது ஆரு?"

வீட்டுச் செருப்போடு ஏறினேன்.

அங்கே டொக்டர் என்னைத்தான் கேட்டார். நான் வாய் திறக்க முன் அவன்: "எனக்கு மனநோய் டொக்டர். குளோசபின் குடிக்கிறன். காய்ச்சலும் தொண்டைநோவும். ரத்தம் பாருங்க." பாடம் ஒப்புவிக்கிற மாதிரி. டொக்டரின் பேனை நின்றது. பிறகு எல்லாம் ஓட்டம்.

முடிவு வந்தது. வெண்குழியம் இல்லை என்று சொல்லலாம், அவ்வளவு குறைவு. வீட்டுக்கு விடாமல் வாட்டில் மறித்துவிட்டார்கள். மூலைக் கட்டில், தனியாக, மறைப்புக் கட்டி.

"நேற்றே வந்திருந்தா நல்லம் அம்மா." டொக்டர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம்.

மே 30, சனி

முகமூடி. கை கழுவாமல் கிட்டப் போகக் கூடாது. பூ, பச்சைப் பழம், கடைச் சாப்பாடு கூடாது. "டீச்சர், தோல் உரியப் போகுது" என்று மிஸி சிரிக்கிறாள். சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டே இருக்கிறேன்.

குளிசை நிறுத்தியாயிற்று. இனி ஒருபோதும் கொடுக்க மாட்டார்களாம். வேறு ஒன்று பார்ப்பார்கள், பிடிக்குமோ தெரியாது. முந்திக் கொடுத்தது ஒன்றும் பிடிக்கவில்லை. அப்பா செத்த பிறகு, அவர் வாவிக்குள் நின்று கூப்பிடுகிறார் என்று கழுத்தளவு தண்ணீரில் இறங்கினவன் இவன். அந்தக் குரலை நிறுத்தினது இந்தக் குளிசை ஒன்றுதான். அதற்குப் பிறகுதான் பத்திரிகை, மீன் சொதி, என்னோடு வாய்ச்சண்டை.

ஒரு பக்கம் கிருமி. மற்றப் பக்கம் அப்பா.

காய்ச்சல் இன்னும் விடவில்லை. செபமாலை இடையில் பிசகுகிறது.

ஜூன் 1, திங்கள்

காற்று அடங்கிவிட்டது. காய்ச்சல் விட்டது. வெண்குழியம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. கமலம் போனில்: "இண்டைக்கு அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு டீச்சர். தம்பிக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டன்." நன்றி என்றேன். மனதார.

பின்னேரம் கஞ்சி ஊட்டினேன். பாதியில் வாயை மூடி வாசல் பக்கம் பார்த்தான்.

"அக்கா, அப்பா கூப்பிட்டவரா?"

கரண்டி என் கையில் நின்றது.

"உண்மையச் சொல்லு. இங்கிலீஷில வேணாம்."

"இல்லத் தம்பி. ஒருத்தரும் கூப்பிடயில்ல."

"அப்ப குரல் திரும்பத் துவங்கிட்டு." கஞ்சிக் கோப்பையைத் தள்ளினான். "மிஸியிட்டச் சொல்லு. நீயே போய்ச் சொல்லு."

பார்வையாளர் நேரம். வாட் நிறையச் சனம், எங்கள் ஊர் நாவற்குடா முகங்களும் இரண்டு. மிஸியின் மேசை வாட்டின் மற்றத் தொங்கலில், சனத்தைத் தாண்டி. போய் நின்று, "என் தம்பிக்கு மனநோய். குளிசை நிறுத்தினதால திரும்பக் குரல் கேக்குது. டொக்டரைக் கூப்பிடுங்க" என்றேன். தமிழில். எனக்கு வகுப்புக் குரல், கடைசி வாங்குவரை போகும்.

டொக்டர் வருகிறாராம். கஞ்சி ஆறிவிட்டது. சவர்க்காரம் முடிந்தது.